கல்லு மாதிரி நிக்கும்மா

நான் வாடகைக் கார் ஓட்டுகிறவன். போன வருடம் கீழக்கரையில் ஒரு பெண், ஒன்பது மாதக் குழந்தைக்குத் தடுப்பூசி போட ராமநாதபுரம் கிளம்பினாள். துபாயிலிருந்து கொண்டுவந்த குழந்தை இருக்கையை என்னிடம் கொடுத்தாள்.

"அண்ணே, பிள்ளை பின்பக்கம் பாக்குற மாதிரி பின்சீட்டுல மாட்டுங்க. கார் பெல்ட்டை இந்த வழியா உள்ள விட்டு இறுக்கணும்."

மடியில் வைத்துக்கொண்டால் ஆகாதா என்று எனக்கு எரிச்சல். பெல்ட்டை உள்ளே விடாமல் மேலோட்டமாகச் சுற்றி மாட்டிவிட்டு, "கல்லு மாதிரி நிக்கும்மா" என்றேன்.

திருப்புல்லாணி தாண்டியதும் ஆடுகள் குறுக்கே ஓடின. பிரேக் அடித்தேன். இருக்கை முன்சீட்டில் மோதிக் கவிழ்ந்தது. குழந்தை வீறிட்டது. பக்கத்திலிருந்த தாய் பாய்ந்து பிடித்துக்கொண்டாள்.

"யா அல்லா! என்னண்ணே இது?"

"ஆடு வந்தா நான் என்னம்மா செய்ய?"

வண்டியை ஓரம் கட்டினேன். குழந்தைக்கு அடியில்லை. அவள் பெல்ட்டைப் பார்த்தாள். "பிள்ளையைக் கொஞ்சம் வச்சுக்கங்க" என்று என் கையில் கொடுத்துவிட்டு, இருக்கையை முழங்காலால் அழுத்தி, பெல்ட்டை உள்ளே விட்டு இறுக்கி, ஆட்டிப் பார்த்தாள். அது அசையவில்லை.

குழந்தை விம்மியபடி என் சட்டையைப் பற்றிக்கொண்டது. ஆட்டின் மேல் பழி போட்டது எனக்கே வெட்கமாக இருந்தது.

ராமநாதபுரம் வந்து அவள் இறங்கும்போதுதான் எனக்கு வாய் வந்தது. "நாந்தாம்மா சரியா மாட்டல."

"தெரியும்ணே" என்றாள்.

திட்டியிருந்தால் அன்றோடு மறந்திருப்பேன்.