திட்டு வாங்கியவனின் சாட்சி

என்னை அதிகம் திட்டியவர் என் மனைவி என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இல்லை. அந்தப் பெருமை, ஆக்லாந்தின் மாஸி பகுதியில் எங்கள் பக்கத்து வீட்டம்மாவுக்கு உரியது. ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் ஒரு மீன்பிடி ஊரில் பிறந்து, கல்யாணமாகி ஆக்லாந்து வந்து, ஓய்வு பெறும்வரை பஸ் ஓட்டியவர். எழுபதைத் தாண்டியும், கடைசி சீட்டில் இருப்பவனுக்கும் கேட்கிற குரல்.

கறிவேப்பிலைச் செடிக்கு நான் குழி தோண்டினால் வேலிக்கு மேலே தலை தெரியும். "ஏய் மௌடிவார்ப்! போதும், பூமிக்கு அடுத்த பக்கம் வந்துடப் போற!" மௌடிவார்ப் என்பது மண்ணுக்குள் வளை தோண்டும் மோல் என்ற பிராணி. மண்ணை எறிகிறவன் என்று பொருள். நியூசிலாந்தில் அந்தப் பிராணி கிடையாது. அந்தக் குறையை நான் தீர்த்து வைத்தேன்.

கூரையோரம் ஒட்டடை அடிக்காமல் விட்டால், நான் எட்டர்கேப் வளர்ப்பதாகச் சொல்வார். சிலந்திதான். பழைய ஆங்கிலத்தில் விஷத்தலை என்று அர்த்தமாம். என் யாழ்ப்பாணத்து மனைவி நண்டுக் குழம்பு கொடுத்தனுப்பும் நாளில் மட்டும் எனக்குத் திட்டு கிடையாது. "பார்ட்டன் கறியா? உள்ள வா" என்பார். நண்டுக்கு அந்தப் பெயர் கேலிக் மொழியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. இதெல்லாம் மொழி ஆர்வத்தில் கற்றதில்லை. எவ்வளவு தூரம் திட்டியிருக்கிறார் என்று தெரிந்துகொள்ள அவ்வப்போது போனில் தேடிப் பார்ப்பேன், அவ்வளவுதான்.

போன குளிர்காலத்தில் அவர் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் நன்றாக முடிந்தது. ஆனால் அதற்குப் பிறகு சில நாள் புத்தி குழம்பிவிட்டது. வார்டை பஸ் என்று நினைத்து, நர்ஸைப் பின்னால் நகரச் சொன்னார். பிறகு தெளிந்தார். தெளிந்தது உண்மைதானா என்று ஆஸ்பத்திரிக்குச் சந்தேகம். பெர்த்தில் இருக்கும் அவர் மகன் என்னிடம் போனில் சொல்லிவிட்டார்: ஞாபகப் பரிசோதனையில் தேறாவிட்டால் அம்மாவுக்கு முதியோர் இல்லம், வீடு விற்பனைக்கு.

"ஒரு தடவை என்னை அந்த வீட்டை விட்டு எடுத்தா, திரும்ப வைக்க மாட்டாங்க" என்றார் அந்தம்மா, என் முகத்தைப் பார்க்காமல். அதில் ஒரு திட்டுகூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பரிசோதனை செய்ய வந்த தெரபிஸ்ட் மலேசியாவில் வளர்ந்த தமிழ்ப் பெண். என்னைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினாள்.

"அங்கிள், நீங்க கூட உக்காரலாம். ஆனா வாயத் தொறக்கக் கூடாது ஆ. க்ளூ குடுத்தா டெஸ்ட் செல்லாதுலா."

"கல்யாணமாகி இருபது வருஷமாச்சும்மா. அது எனக்குப் பழக்கம்தான்."

என்ன கிழமை, என்ன வருஷம், நூறிலிருந்து ஏழைக் கழி எல்லாம் சரியாகப் போயின. பிறகு படங்கள். எங்கோ இங்கிலாந்தில் அச்சடித்த அட்டைகள். முதல் அட்டையில் மோல்.

"மௌடிவார்ப்."

பெண்ணின் பேனா தயங்கியது. "வேற பேர் இருக்கா?"

"பேர் சொல்லியாச்சு. திரும்பத் திரும்பச் சொல்ல இது என்ன ஏலமா?"

பேனா ஒரு பெருக்கல் குறி போட்டது. சிலந்திக்கு எட்டர்கேப். இன்னொரு பெருக்கல். நண்டுக்கு பார்ட்டன். இன்னொன்று. ஜாடை காட்டிவிடாமலிருக்க நான் இரண்டு கைகளின் மேலும் உட்கார்ந்துகொண்டேன். வலியிலும் களைப்பிலும் அவருக்குச் சின்ன வயசுச் சொற்கள்தான் முதலில் வந்தன போலிருக்கிறது. எல்லாம் சரியான விடை. எல்லாவற்றுக்கும் தப்பு.

கடைசி அட்டை வான்கோழி. அதை வெகுநேரம் பார்த்தார்.

"பப்ளிஜாக்."

இத்தனை வருஷத் திட்டில் அந்தச் சொல் வந்ததே இல்லை.

வெளியே வராந்தாவில் என் மனைவி பிளாஸ்க்கோடு காத்திருந்தாள். தெரபிஸ்ட்டை நிறுத்தி, மூச்சு விடாமல் மௌடிவார்ப்பிலிருந்து பார்ட்டன்வரை விளக்கினேன்.

"நெஜமா அங்கிள்? இல்ல சமாளிக்கிறீங்களா?"

"இங்க பாரும்மா, இவங்ககிட்ட நாற்காலி படத்தக் காட்டினா கதிரைம்பாங்க. அதுக்காக இவங்கள இல்லத்துல சேத்துடுவீங்களா?"

"ஓம், கதிரைதான்" என்றாள் மனைவி. "போர்த்துக்கீசன் விட்டிட்டுப் போனான், நாங்கள் இன்னும் அதிலதான் இருக்கிறம். என்னப்பா, என்னை எதுக்கு இல்லத்தில சேர்க்கிற கதை?"

பெண் சிரித்துவிட்டாள். "எங்க வீட்டுல காலையில சாப்புடுறத பசியாறுறதுன்னுதான் சொல்லுவோம். இங்க வந்து சென்னை ஃப்ரெண்ட்ஸ் கிண்டல் பண்ணாங்க. சரி, மூணு புரிஞ்சுது. அந்தக் கடைசி? பப்ளி என்னமோ?"

வான்கோழிதான் என்று அடித்துவிடலாம். நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அந்தம்மா நிஜமாகவே தடுமாறி, தனியாக வீட்டில் அடுப்பை அணைக்காமல் விட்டால்? "தெரியலம்மா" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு உண்மை பேசியதில்லை.

"தேடுங்கோவன்! கையில போனை வச்சுக்கொண்டு சும்மா நிக்கிறியள்" என்றாள் மனைவி.

தட்டினேன். எழுத்து மாறி முதல் தடவை ஏதோ சோப்பு விளம்பரம் வந்தது. இரண்டாம் தடவை ஓர் அகராதி திறந்தது. மூன்று தலைகளும் போனுக்கு மேல் முட்டிக்கொண்டன. பப்ளிஜாக்: ஸ்காட்லாந்து வழக்கு, சேவல் வான்கோழி. அது கத்துகிற சத்தம்தான் பப்ளி. ஜாக் என்பது நம்மூர் முனியன் மாதிரி, யாருக்கும் வைக்கிற ஆண் பெயர்.

"பப்ளி பப்ளி பப்ளி" என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். "அச்சாப் பேர். அப்பிடித்தானே அது கத்தும்!" போய்க்கொண்டிருந்த நர்ஸ் ஒருவர் திரும்பிப் பார்த்தார். நான் பக்கத்தில் இருந்த கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தேன்.

"இது நான் மட்டும் முடிவு பண்ண முடியாது. என் சீனியர்கிட்டப் பேசணும்" என்று அகராதிப் பக்கத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லிவிட்டுப் போனாள். நான் மூன்று காபி குடித்தேன். மத்தியானம் அவளே வந்து சொன்னாள்: வீட்டுக்குப் போகலாம். குளியலறையில் கைப்பிடி, கொஞ்ச நாளைக்கு உதவிக்கு ஓர் ஆள், அவ்வளவுதான்.

உள்ளே ஓடினேன். "பப்ளிஜாக்னா என்னன்னு எனக்கு மட்டும் சொல்லியிருக்கக் கூடாதா? உசுரே போயிடுச்சு."

"உன்னை அப்படிக் கூப்பிட அவசியம் வரல" என்றார். "வான்கோழிக்குக் கொஞ்சமாவது கம்பீரம் வேணும்."

பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பஸ் ஓட்டிய பிடி, இன்னும் வலித்தது.

"வீட்டுக்குத்தானே?"

"வீட்டுக்குத்தான்."

"என் வீட்டுக்கு?"

"வேற யார் வீட்டுக்கு? எங்க வீட்டுல இடமில்ல."

பெர்த்துக்கு போன் போட்டபோது மகன் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. "சரி, இல்லத்துல பேசி வச்ச ரூமை வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றார்.

அந்தம்மா வீடு திரும்பிய மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பி காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னலில் திரை ஒதுங்கியது. ஊன்றுகோல் முதலில் தெரிந்தது, பிறகு கை, பிறகு கெட்டிலிலிருந்து ஆவி. ஜன்னல் கண்ணாடி மங்கி, ஒன்றும் தெரியாமல் போகும்வரை பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

"என்னப்பா, மோட்டர்வே நிறைஞ்சிடப் போகுது, வெளிக்கிடுங்கோ" என்றாள் பக்கத்து சீட்டிலிருந்த மனைவி. அவளும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.