இரண்டு ஆள் மூடிய பெட்டி

பிள்ளைகளே, போன வாரம் ஏலகிரிக்குப் புறப்பட்ட காலையில் நம் வீட்டுச் சூட்கேஸின் மூடி கிரீச்சென்று முனகியதே, அந்தச் சத்தம் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. பெரியவள் மேலே ஏறி உட்கார, சின்னவன் முட்டியால் அழுத்திக்கொண்டு கொக்கியை மாட்டப் பார்த்தான். நான் வந்து இரண்டு பேரையும் இறக்கிவிட்டு, உள்ளே இருந்ததில் பாதியை எடுத்து வெளியே போட்டேன். "இடம் இருக்குதேப்பா, ஏன் எடுக்கிற?" என்று கேட்டீர்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் நான் பதில் சொல்லவில்லை. எனக்கு எழுதிப் பழக்கமில்லை, கோர்வையாக வராது. ஆனாலும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. ஆம்பூரில் ஐந்தாவது வகுப்பு முடித்திருந்தேன். உங்கள் தாத்தாவை நாங்கள் "நைனா" என்றுதான் கூப்பிடுவோம். அவர் தோல் பதனிடுகிற ஒரு மண்டியில் "பேல்" கட்டுகிறவர். பதனிட்டுக் காயவைத்த தோல்களை மார்பு உயரத்துக்கு அடுக்கி, திருகு பிரஸ்ஸில் வைத்து, இரண்டு ஆள் சுற்றிச் சுற்றி நெருக்கினால் அந்த அடுக்கு முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிடும். அதைக் கோணியால் மூடித் தைத்து இரும்புப் பட்டை போட்டால் அது ஒரு பேல். சரக்கு அடைக்கிற இடத்துக்குத்தான் கப்பலில் கூலி என்பதால், "காத்துக்குக் கூலி குடுக்காத" என்பது மண்டியில் எல்லார் வாயிலும் இருந்த பேச்சு. நைனா கட்டிய பேலில் காற்று இருக்காது என்று பெயர். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமையும் உண்டு.

அந்த வருஷம் வேலூரில் ஒரு பள்ளிக்கூட ஹாஸ்டலில் எனக்குச் சாப்பாட்டோடு இலவச இடம் கிடைத்தது. மண்டியில் எழுத்து வேலை பார்த்த காதர் பாய்தான் மனு எழுதிக் கொடுத்தார். இடம் கிடைத்த சேதியைச் சொல்ல வீட்டுக்கே வந்து, "இது போச்சுன்னா வேற கெடையாது தம்பி, பார்த்துக்கோ" என்று விரலை ஆட்டிவிட்டுப் போனார். என்னோடு படித்த இரண்டு பையன்கள் அதற்குள் மண்டியில் தோல் ஊறவைக்கிற சுண்ணாம்புக் குழி வேலைக்குப் போய்விட்டார்கள்; அவர்கள் விரல் நகமெல்லாம் வெந்து மஞ்சளாக இருக்கும். நைனா அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். "நீ குழியில எறங்கக் கூடாது, அவ்ளோதான்" என்று ஒருமுறை சொன்னார்.

புறப்படுவதற்கு முந்தின நாள் மத்தியானம் பெட்டி அடுக்கத் தொடங்கினோம். ஒரு தகர டிரங்குப் பெட்டி, அவ்வளவுதான். ஒரு பையனுக்கு ஒரு பெட்டி என்பது ஹாஸ்டல் சட்டம். நைனா கை கால் கழுவிக்கொண்டு வந்து, பூசைக்கு உட்காருகிறவர்போலப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார். கனமானதும் தட்டையானதும் அடியில் போக வேண்டும் என்று சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து முதலில் வைத்தார். அதன் குழிவுக்குள் இரண்டு கைக்குட்டை. தம்ளருக்குள் சோப்பு, சோப்பைச் சுற்றி நாடா. பிறகு நாலு புதுச் சட்டைகள். "சட்டையும் தோலும் ஒண்ணுதான்டா ஏழு. கழுத்து இருக்குது, ரெண்டு முன்னங்காலு இருக்குது, முதுகு இருக்குது. முதுகுக் கோட்டுல மடிச்சா சுருக்கம் வராது" என்று சொல்லிக்கொண்டே, மடித்த ஒவ்வொரு சட்டையையும் உள்ளங்கையால் வழித்து வழித்துக் காற்றை வெளியேற்றினார். என் பெயர் ஏழுமலை. அவர் கூப்பிடுவது ஏழு.

இதில் ஒரு வேடிக்கை நடந்தது. அவர் ஒரு விரற்கடை இடம் மிச்சம் பிடித்தால், அம்மா அந்த விரற்கடைக்கு ஒரு சாமானைக் கொண்டு வந்தாள். "இதோ, இம்மாந்துண்டு எடம் இருக்குதே, இத்தையும் வெச்சிடுங்க" என்று எள்ளுருண்டை வந்தது. பிறகு இன்னொரு போர்வை. அதற்குப் பிறகு தலையணை. அதை நைனா மிதித்துப் பப்படம்போல ஆக்கினார். முறுக்கு டின் வந்தபோது, "டின்னு எதுக்கு? உள்ள பாதி காத்து" என்று முறுக்கை மட்டும் துணியில் கட்டி ஓரத்தில் செருகினார். "உனக்கு இடம் குடுக்கக் குடுக்க ஜாஸ்திதான் ஆவுது" என்று அம்மாவைக் கேலி செய்தாரே தவிர, ஒன்றையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்வது அவர் தொழிலுக்கே இழுக்கு என்று நினைத்திருப்பார்.

கடைசியில் மூடி ஒரு சாண் மேலே நின்றது. நைனா அதன்மேல் ஒரு துண்டை விரித்து ஏறி நின்றார். அம்மா சிரித்துக்கொண்டே ஒரு ஓரமாக உட்கார்ந்தாள். நான் கொக்கியை மாட்டிப் பூட்டினேன். அதற்கு மேல் சணல் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, பேலுக்குப் போடுகிற முடிச்சாகப் போட்டு, சாவியை என் அரைஞாண் கயிற்றில் கட்டிவிட்டார். "வழியில எங்கியும் தொறக்காத. பிரிச்சா மூடாது" என்றார்.

பஸ் மேலே பெட்டியை ஏற்றியவர், "இன்னாப்பா, உள்ள மாட்டை வெச்சிருக்கியா?" என்று கேட்டார். நைனாவுக்கு அது பாராட்டுப் பத்திரம்.

என்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டு நைனா அடுத்த பஸ்ஸுக்கே திரும்பிவிட்டார். அன்று சாயங்காலம் வார்டன் ஐயா எங்களை வரிசையாக நிற்கவைத்துச் சட்டங்களைச் சொன்னார். மணி அடிக்கும்போது பெட்டிகள் பூட்டிச் சுவரோரம் இருக்க வேண்டும். வெளியே கிடக்கிற சாமான் ஆபீசுக்குப் போகும். "மூணு தடவை அப்படி ஆனா, சாமானோட சேர்ந்து ஆளும் வீட்டுக்குப் போய்டலாம்" என்று சொல்லி அவர் லேசாகச் சிரித்தார். மற்றப் பையன்களும் சிரித்தார்கள். எனக்குக் காதர் பாயின் விரல்தான் கண்முன் ஆடியது.

சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லாரும் தங்கள் பெட்டியைத் திறந்து தட்டை எடுத்தார்கள். என் தட்டு அடியிலும் அடியில் இருந்தது. கயிற்றில் கை வைத்தேன். நைனா ஏறி நின்றதும் அம்மா உட்கார்ந்ததும் நினைவுக்கு வந்தன. என் ஒரு ஆள் கனத்துக்கு இந்த மூடி படியுமா என்று யோசித்துப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டேன்.

அன்று திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. பக்கத்துப் பாய்க்காரன் தணிகாசலம், குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற வீட்டுப் பையன். அவன் சாப்பிட்டு முடித்த தட்டைக் கழுவி வாங்கி நான் சாப்பிட்டேன். என் கைப்பையில் ஒரு துண்டு இருந்ததால் குளிக்க முடிந்தது. போர்வை இல்லாமல் பாயிலேயே சுருண்டு படுத்தேன். சட்டை மட்டும் ஊரிலிருந்து போட்டு வந்த அதே சட்டை. அதைத் துவைத்தால் மாற்றிக்கொள்ள வேறு கிடையாது. அதனால் துவைக்கவும் இல்லை. "பொட்டில இன்னாடா வெச்சிருக்க, பாம்பா?" என்று தணிகாசலம் தினமும் கேட்பான். ஐந்தாம் நாள் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ஆம்பூர்க்காரன், அப்படித்தான்டா இருப்பான்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அந்த வாசனை தோலினுடையது அல்ல, துவைக்காத சட்டையினுடையது என்று சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. ஆனால் அதைச் சொன்னால் பெட்டிக் கதையையும் சொல்ல வேண்டுமே என்று பேசாமல் இருந்துவிட்டேன். தணிகாசலம் அன்றைக்குச் சிரிக்கவில்லை. தன் சட்டை ஒன்றை என் பாயில் போட்டான். நான் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவன் கோபித்துக்கொண்டு, "போடா பேஜாரு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஹாஸ்டல் வாசலில் நைனா நின்றிருந்தார். வார்டன் கடிதம் போட்டு வரவழைத்திருக்கிறார். என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

வார்டன் எங்களைப் பெட்டிகள் இருந்த கூடத்துக்குள் அழைத்துப் போனார். அவர் கையில் மூன்று பழைய சட்டைகள் இருந்தன.

"தப்பா எடுத்துக்காதீங்க. பையன் வந்த நாள்லேருந்து ஒரே சட்டையில இருக்கான். மாத்துத் துணி இல்லன்னு சொல்ல வெக்கப்படறான்போல. எங்ககிட்ட இந்த மாதிரி கொஞ்சம் இருக்குது" என்று மிகத் தணிவாகச் சொன்னார்.

நைனாவின் முகத்தை நான் பார்த்தேன். மண்டி முதலாளி முன்னால்கூட அவர் அப்படிக் கூனி நின்றதில்லை.

"நாலு புதுசு வெச்சனே ஐயா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இன்னாடா ஏழு, யாராவது எடுத்துக்கினாங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"பின்ன?"

"பிரிச்சா மூடாது நைனா."

அவர் பெட்டியைப் பார்த்தார். அவர் போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது. பிறகு குந்தி உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்து, என் இடுப்பிலிருந்த சாவியை வாங்கிக் கொக்கியை விடுவித்தார். விட்டதுதான் தாமதம், மூடியைத் தள்ளிக்கொண்டு துணிகள் புளித்த மாவுபோலப் பொங்கி எழுந்தன. தலையணை ஒரு பக்கம் நிமிர்ந்து உட்கார்ந்தது. "டேய், பொட்டிக்குள்ள ஒரு வீடே இருக்குதுடா" என்றான் கதவோரம் நின்ற தணிகாசலம். வார்டனும் சிரித்துவிட்டார். கையிலிருந்த பழைய சட்டைகளை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டார்.

நைனா மட்டும் சிரிக்கவில்லை. மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தார், படியவில்லை. முட்டி போட்டு அழுத்தினார், அப்போதும் படியவில்லை. என் கைகளையும் கால்களையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"இத்த மூட ரெண்டு ஆளு வேணும்" என்றார், யாரிடமும் இல்லாமல். "நாங்க ஒருத்தனத்தான அனுப்பினோம்."

பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். ஒரு போர்வையை வெளியே எடுத்து வைத்துவிட்டு, "மூடு" என்றார் என்னிடம். அழுத்தினேன், மூடவில்லை. தலையணையை எடுத்தார். "மூடு." இல்லை. அம்மா வைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொரு தடவையும் "மூடு" என்றார். அடியிலிருந்த தட்டை மேலே கொண்டு வந்து வைத்தார். கடைசியில் ஒரு கையாலேயே மூடி படிந்து, கொக்கி டக்கென்று விழுந்தது. "இன்னொரு தடவை" என்றார். திறந்து மூடினேன். "சரி" என்று எழுந்து, வெளியே எடுத்ததையெல்லாம் துண்டில் மூட்டையாகக் கட்டினார். முறுக்கு மாவாகியிருந்தது, அதைத் தணிகாசலத்திடம் கொடுத்து, "எல்லாரும் எடுத்துக்கோங்கப்பா, மெல்ற வேலை மிச்சம்" என்றார்.

வார்டனிடம், "அந்தச் சட்டைங்கள வேற புள்ளைக்குக் குடுங்க ஐயா" என்று சொல்லும்போது அவர் குரலில் கோபமோ வீம்போ இல்லை. வார்டன் அவர் தோளைத் தொட்டு, "பையன் நல்லாப் படிக்கிறான், விட்டுட்டுப் போங்க" என்றார். பஸ் ஏறப்போகிறபோது நைனா என்னிடம், "அம்மா கேட்டா முறுக்கு நல்லா இருந்திச்சின்னு சொல்றேன்" என்றார்.

பிள்ளைகளே, இப்போது அந்த மண்டி இருந்த இடத்தில் வேறு கட்டடம் வந்துவிட்டது. திருகு பிரஸ்ஸைப் பார்த்தவர்கள் ஊரில் சில கிழவர்கள்தான் மிச்சம். டிரங்குப் பெட்டி என் தம்பி வீட்டில் நெல் போட்டுவைத்துத் துருப்பிடித்துப் போயிற்று. நைனாவும் இல்லை. அவர் சாமர்த்தியசாலி, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அவர் அடுக்கியதுபோல இன்றுவரை எனக்கு அடுக்க வராது. ஆனால் பெட்டியைக் கட்டி அனுப்புகிறவர் ஒருவர், அதைத் தினமும் திறந்து மூடப்போகிறவர் இன்னொருவர். நாளைக்கு நீங்கள் படிக்கவோ வேலைக்கோ தனியாகப் போகும்போது, நானோ உங்கள் அம்மாவோ உங்கள் மூடியின்மேல் ஏறி நிற்க வரமாட்டோம். அன்று காலையில் பாதியை எடுத்து வெளியே போட்டது அதனால்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நைனாவைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது கூடத்தில் யாரும் இல்லை. பையன்கள் எல்லாரும் விளையாடப் போயிருந்தார்கள். புதுச் சட்டை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு, கழற்றிய பழையதை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போனேன். தேய்க்கத் தேய்க்கத் தண்ணீர் பழுப்பாக வந்தது, தெளிகிறவரைக்கும் அலசினேன். பின்பக்கத்துக் கொடிக்கயிறு முழுக்க மற்றப் பையன்களின் துணிகள் நெருக்கமாகக் காய்ந்துகொண்டிருந்தன. கயிற்றின் நடுவில், இரண்டு பக்கத்துச் சட்டைகளையும் கொஞ்சம் தள்ளி இடம் பண்ணிக்கொண்டு, என் சட்டையைக் காயப்போட்டேன்.