முனியாண்டிக் கல்லில் இருந்த சிலுவை

பிறை ஊரைத் தாண்டி உள்ளே போனால், ஒரு செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் இடுப்பளவு கல் ஒன்று நின்றது. எங்களுக்கு அது முனியாண்டி. ஆடி மாதம் நாங்கள் குடியிருந்த பாகான் டாலாமிலிருந்து குடும்பமாகப் போய்ப் பொங்கல் வைப்போம். அப்பா இறந்த பிறகும் அம்மா அதை விடவில்லை.

போன வருடம் தோட்டம் கைமாறியது. தொழிற்சாலை கட்டப்போகிறோம், கல்லை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அக்காவும் நானும் அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு போனோம். எடுப்பதற்கு முன் கழுவலாமென்று தேங்காய் நாரால் தேய்த்தோம். பல வருடத்து எண்ணெயும் மஞ்சளும் அடை அடையாகப் பெயர்ந்தன. உள்ளே ஒரு சிலுவை. அதைச் சுற்றிச் செதுக்கிய கொடி. கீழே தமிழில் 'இங்கே இளைப்பாறும்' என்றிருந்தது. பெயர் இருந்த இடம் உடைந்துபோயிருந்தது.

அக்கா பதறிவிட்டாள். "ஐயோ, இது கல்லறைக் கல்லுலா! இதுக்கா இத்தன வருசம் கோழி அறுத்தோம்?"

"எனக்குத் தெரியும்," என்றார் அம்மா.

நாங்கள் திரும்பிப் பார்த்தோம்.

"கல்யாணமாகி மொத வருசம் நாந்தான் கழுவுனேன். கையில தட்டுப்பட்டுச்சு. திரும்பவும் மஞ்சளப் பூசிட்டேன். சொன்னா, அப்புறம் இங்க கூட்டிட்டு வருவாங்களா?"

அம்மா வேதக்கார வீட்டுப் பெண். அப்பாவைக் கட்டிக்கொண்ட நாளோடு மாதா கோயிலுக்குப் போவது நின்றுபோனது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

பக்கத்துத் தேவாலயத்துக்கு போன் செய்தேன். ஃபாதர் இரண்டு பேரோடு சின்ன லாரியில் வந்தார். அந்தக் காலத்தில் அங்கே கிறிஸ்தவத் தொழிலாளர்கள் குடியிருந்ததாகவும், அவர்களின் லய வீடுகளை இடித்தபோது கல்லறைகளும் போய்விட்டதாகவும் சொன்னார். கல்லைத் தங்கள் கல்லறைத் தோட்டத்தில் வைப்பதாக ஏற்றுக்கொண்டார். பிறகு அம்மாவிடம் சாதாரணமாகக் கேட்டார்:

"நீங்க எந்தப் பங்குக் கோயிலச் சேந்தவங்கம்மா?"

நாற்பது வருடமாக யாரும் கேட்காத கேள்வி. அம்மா யோசிக்கவே இல்லை. சிறுவயதில் போன கோயிலின் பெயரைச் சட்டென்று சொன்னார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

வீட்டுக்குத் திரும்பும்போது கேட்டேன். "அப்பா சூடம் காட்டுறப்ப, நீங்க என்னம்மா வேண்டிக்குவீங்க?"

"ஒன்னும் கேக்க மாட்டேன். நான் இங்கதான் இருக்கேன்னு மட்டும் சொல்லுவேன்."

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைத் தேவாலயத்தில் இறக்கிவிடுகிறேன். கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்கிறார். பூசையில் தரும் நற்கருணை அப்பத்தை வாங்க எழுவதில்லை. ஃபாதர் கூப்பிட்டும் பார்த்தார்.

"இன்னும் கொஞ்ச நாளாகட்டும் ஃபாதர்," என்கிறார்.