அசனத்தில் தீர்ந்துபோன சோறு

எழுத வேண்டும் எழுத வேண்டும் என்று நினைத்தே பல வருஷம் போய்விட்டது. கொடுத்ததை வெளியே சொல்லக் கூடாது என்று எங்கள் வீட்டில் ஒரு பயம் உண்டு. நான் எட்டாவதுக்கு மேல் படித்தவளும் அல்ல. ஆனால் அப்பா கர்த்தரிடத்தில் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. இனிமேல் சொன்னால் அவருக்குப் பெருமை வந்துவிடப் போவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா பிழைப்புக்காகச் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்து, ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷினில் வேலை பார்த்தார். வடக்குப்பட்டில் வரிசையாகக் கட்டிய வாடகை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். ஒரு நாள் அந்த மெஷின் அப்பாவின் வலது கையில் இரண்டு விரலைக் கொண்டுபோய்விட்டது. மீதிக் கையும் தேறுவது கஷ்டம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். படுத்த இடத்திலேயே அப்பா பொருத்தனை பண்ணினார். இந்தக் கை பிழைத்தால் இதே கையால் சபைக்கு அசனம் பரிமாறுவேன், வந்தவர் ஒருவரும் பசியோடு திரும்பக் கூடாது, கடைசி ஆள் சாப்பிட்டு எழும்பும்வரை நான் வாயில் எதுவும் வைக்க மாட்டேன் என்று.

கை பிழைத்தது. ஆனால் அப்பாவின் சிரிப்பு நின்றுபோனது. எங்கே போனாலும் கையைத் துண்டால் மூடிக்கொண்டு நடப்பார்.

அசனம் என்றால் எங்கள் தெற்குப் பக்கத்துச் சபைகளில் போடும் கறிச்சோறு. அந்தச் சாதி, இந்த மதம் என்று பார்க்காமல் ஊரே உட்கார்ந்து சாப்பிடும் என்று அப்பா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். இங்கே எங்கள் சபையோ தகரக் கொட்டகையில் கூடுகிற ஐம்பது பேர். கம்பெனிச் சுவரோரப் புல்லில் அம்மா வளர்த்த இரண்டு கிடாவை அறுத்து, அறுபது பேருக்குச் சமைத்தார்கள். கறி வேகும் வாசனையில் எனக்கு ஆராதனையில் ஒரு வசனமும் காதில் ஏறவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சபையில் மூன்று அண்ணன்மார் கம்பெனியில் ஓ.டி. என்கிற கூடுதல் வேலைக்குப் போயிருந்தார்கள். அவர்கள் வரட்டும் என்று இலையைப் போட்டுக் காத்திருந்தார்கள். கம்பெனி பஸ் வந்ததும் அவர்களைக் கையோடு கூட்டிவர என்னை ரோட்டுக்கு அனுப்பினார் அப்பா.

பஸ் வந்து நின்றது. எட்டிப் பார்த்தால், மூன்று பேரும் கடைசி சீட்டில் வாயைத் திறந்து தூங்குகிறார்கள். நான் படியில் ஏறி, தொண்டை கிழியக் கத்தினேன்.

"அசனத்துக்கு எல்லாரும் வாங்க! கறிச்சோறு!"

பஸ் முழுக்கத் தலை நிமிர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.க்கு கேன்டீன் கிடையாது, பன்னும் டீயும்தான். அவர்கள் தங்கியிருந்த ஹாஸ்டலிலும் மத்தியானம் சமையல் இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாது.

"இன்னா பாப்பா, எனக்கும் உண்டா?" என்று டிரைவர் கேட்டார்.

"எல்லாருக்கும் உண்டு" என்றேன். அப்பா சொன்ன அசனம் அதுதானே?

இறங்கினார்கள். பின்னால் வந்த பஸ்ஸிலிருந்தும் இறங்கினார்கள். செங்கடலைத் தாண்டி ஜனத்தை நடத்திப் போகிறவளைப் போல நான் முன்னால் நடந்தேன்.

கொட்டகை வாசலில் அம்மா தலையில் கை வைத்தாள். "ஏட்டி, மூணு பேரக் கூட்டியாரச் சொன்னா மூணு தெருவையே கூட்டியாந்திருக்கியே!"

காய் நறுக்க ஒத்தாசைக்கு வந்திருந்த வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இது, கம்பெனியே வந்துகினு கீது! ஒரு அண்டா சோறு எம்மாம் பேருக்குப் பத்தும்?"

அப்பா வந்தவர்களைப் பார்த்தார். அண்டாவைப் பார்த்தார். ஒருவரைத் திருப்பி அனுப்பினாலும் பொருத்தனை போயிற்று. பிறகு சபையார் பக்கம் திரும்பி, கும்பிட்டார். அவ்வளவுதான். இலையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்தார்கள். சர்க்கரை வியாதிக்கார தாத்தா மட்டும், "எனக்கு மயக்கம் வரும், நான் எந்திரிக்க மாட்டேன்" என்றார். அவரை விட்டுவிட்டார்கள்.

அப்பா துண்டை உதறி இடுப்பில் கட்டினார். மூன்று விரலால் கரண்டியைப் பிடித்துப் பரிமாறினார். யாரும் அந்தக் கையைப் பார்க்கவில்லை, சோற்றைத்தான் பார்த்தார்கள். "அண்ணே, இன்னும் கொஞ்சம்" என்று ஒரு பையன் கேட்க, "சாப்பிடுங்கய்யா, கூச்சப்படாதீக" என்று அப்பா மறுபடியும் போட்டார். எங்களுக்கு என்ன மிஞ்சும் என்று நான் எண்ணத் தொடங்கினேன்.

இருந்தாலும் எனக்கு ஒரு நம்பிக்கை. ஐந்தப்பத்தை ஐயாயிரம் பேருக்குப் பெருக்கின கர்த்தர் இதைப் பெருக்க மாட்டாரா? நாலைந்து தடவை போய் அண்டாவை எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் சோறு கீழேதான் போயிருந்தது. கடைசியாகத் தமிழ் தெரியாத ஒரு வடக்கத்திப் பையன் வாசலில் தயங்கி நின்றான். அப்பா அவனைக் கையைப் பிடித்து அழைத்து உட்கார்த்தி, இருந்ததை வழித்துப் போட்டார். அவன் சாப்பிட்டு எழுந்து, அப்பாவின் அந்தக் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனான்.

சபையாருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. வீட்டுக்கார அம்மா ஓடிப்போய்த் தன் வீட்டிலிருந்து ஒரு குடம் மோர் கரைத்துக்கொண்டு வந்தார். ஆளுக்கு ஒரு தம்ளர் குடித்தார்கள். "நல்ல அசனம்பா, மோர் அசனம்!" என்று யாரோ சொல்ல, கொட்டகையே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. எனக்கு அழுகை வந்தது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

அம்மா அண்டாவைச் சுரண்டி, ஒட்டியிருந்த குழம்பில் பிசைந்து ஒரு உருண்டை பிடித்து என் கையில் வைத்தாள். நான் தின்பதையே அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. பசியில் பார்க்கிறார், கேட்டுவிடுவார் என்று பயந்து, முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து தின்று முடித்தேன்.

அது பசி இல்லை என்று அன்று எனக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு நிறைவான முகத்தை நான் பிறகு கல்யாண வீட்டிலும் கண்டதில்லை. கண்ட ஒரே நாளிலும் முதுகைக் காட்டிவிட்டேன்.

வாசிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் நடந்தபடியே சொல்லுங்கள். அண்டாவில் சோறு பெருகியது என்று மட்டும் தயவுசெய்து சேர்த்துவிடாதீர்கள். பெருகவில்லை. கடைசிப் பருக்கைவரை தீர்ந்துபோனது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.