நாய் கால் தூக்கும் உயரத்தில் ஓம்

ரானுயி என்ற புறநகரில், ரயில்பாதை ஓரம், ஒரு நீண்ட கொங்கிரீட் சுவர். மழை, பாசி, யாரோ மென்று ஒட்டிய சூயிங்கம். அதில் சித்திரம் தீட்டித் தரும்படி ஒரு விழாக் கமிட்டியார் என்னைக் கேட்டார்கள். தமிழும் இந்த மண்ணின் மாவோரியுமாக இரண்டு பண்பாடும் வேண்டும் என்றார்கள், சாப்பாட்டுக் கடையில் இரண்டு கறி வேண்டும் என்பதுபோல.

எனக்கு அந்தக் கலவையை நினைத்தாலே குமட்டும். கோலத்துக்குள் மாவோரிப் பெரணிச்சுருள், மயில்வாலில் பெரணிச்சுருள் என்று இந்த நகரம் முழுக்க நானேதான் வரைந்து வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் முன்னாலும் யாராவது ரிப்பன் வெட்டிக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

இந்தச் சுவரில் அது வேண்டாம் என்று இருந்தேன். எதிர்வீட்டில் ஒரு மாவோரிப் பெண், பஸ் ஓட்டுகிறவள், என் வயதுதான். நான் வெள்ளை பூசிய நாளில் அவள் வாசற்படியில் இருந்து போனில் ஆஎ, ஆஎ, ஆஎ என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என் போனில் யாழ்ப்பாணத்திலிருந்து தங்கை. நான் ஓம், ஓம், ஓம். இருவரும் ஒரே நேரத்தில் போனை வைத்து ஒருவரையொருவர் பார்த்தோம். அவள் மொழியில் ஆஎ என்றால் ஆம். எங்கள் பேச்சில் ஓம் என்றால் ஆம், அவ்வளவுதான். காய்ச்சல் விட்டிட்டுதா, ஓம். கரண்ட் வந்திட்டுதா, ஓம். சிரித்ததில் என் ரோலரிலிருந்து பெயின்ட் நடைபாதையெல்லாம் தெறித்தது.

அதையே வரைந்தேன். நிலத்தில் குந்தியிருக்கும் இரண்டு பெண்கள், காதில் போன். ஒருத்தி வாயருகே ஆஎ, மற்றவள் வாயருகே ஓம். இரண்டு சொல்லும் முழங்கால் உயரத்தில் தோளோடு தோள் உரசிக்கொண்டு. என் சுவர்களில் பொய் சொல்லாத சுவர் அது ஒன்றுதான்.

திறப்புவிழாவுக்கு முதல் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, விழாக் கமிட்டித் தலைவர் பணக்காரப் பகுதியான எப்சத்திலிருந்து பார்க்க வந்தார். தமிழ்நாட்டுக்காரர், ஐடி வேலை, என்னிலும் இளையவர், மிக மரியாதையானவர். அந்த மரியாதைதான் அருவருப்பு. ஓமைக் கண்டதும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஈர நடைபாதையில் சாக்ஸோடு நின்றார். அந்த நேரம் பார்த்து ஒரு கொழுத்த நாய் எஜமானியை இழுத்துக்கொண்டு வந்து, காலைத் தூக்கி, ஓவின் சுழியில் பெய்தது. சுழி வழியே மஞ்சள் இறங்கியது, பக்கத்து ஆஎயிலும் தெறித்தது.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. சாமி எழுத்து. நாய் கால் தூக்குற உயரத்துலயா வைக்கிறது?"

இது மந்திரம் இல்லை, நீங்கள் ஆமா என்பீர்களே, அதுதான் இது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், பார்க்கிற ஜனத்துக்குத் தெரியுமா என்றார். ஓமை மட்டும் மேலே ஏற்றிவிடலாம், அடியில் ஒரு தாமரை, சுற்றிக் கொஞ்சம் தங்க ஒளி. மற்றச் சொல் அங்கேயே இருக்கட்டும், அதுக்கென்ன என்றார்.

அதுக்கென்ன. தூரிகை கழுவிய தண்ணீரைக் குடித்ததுபோல் இருந்தது. என் ஆம் வானத்துக்கு. அவளுடைய ஆம் நாய்க்கு.

சண்டை பிடித்திருக்கலாம். நகரின் தெற்கே தகனினியில் அடுத்த சுவர் இவர் ஒரு சொல் சொன்னால் எனக்கு வரும். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

"செஞ்சிடலாம்ல அக்கா?"

"ஓம்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாருங்க, உங்க வாயிலயும் அதான் வருது."

மேலே ஏற்றிய ஓமுக்கு அடியில் மூன்று நாள் தாமரை வரைந்தேன். இதழ் இதழாக, பிசுக்குப் பிசுக்காக. தங்கப் பெயின்டுக்கு மூக்குச்சளியின் வழவழப்பு. கீழே ஓம் சொன்ன பெண்ணின் வாய் திறந்தபடி இருந்தது, அதில் சொல் இல்லை.

கடைசி நாள் எதிர்வீட்டுக்காரி பஸ் சீருடையோடு வந்து அண்ணாந்து பார்த்தாள். அது கும்பிடுகிற சொல்லா, எனக்குத் தெரியாமல் போயிற்றே, எங்கள் சொல்லை அதற்குப் பக்கத்தில் நிற்க விட்டிருக்க மாட்டேன் என்று இங்கிலீசில் சொன்னாள். கோபமில்லை. என்னிடம் மன்னிப்புக் கேட்கிற குரல் அது.

நான் வாளித் தண்ணீரைத் தூக்கிப்போய் அவளுடைய ஆஎயில் காய்ந்திருந்த மஞ்சளைத் தேய்த்துக் கழுவினேன். நாற்றம் கையில் ஏறிக்கொண்டது. பிறகு, உங்கள் மொழியில் இல்லை என்பதற்கு என்ன சொல் என்று கேட்டேன்.

காஓ என்றாள்.

சொல்லிப்பார்த்தேன். சுலபமாகத்தான் வந்தது.