போனில் மோட்டார் போடும் தோட்டத்தைப் பார்க்கச் சத்தியமங்கலம் போனேன்

ஆனி மாதம் என் வீட்டுக்காரர் எங்கள் தோட்டத்து மோட்டாரில் கரண்ட் அடித்து இறந்துபோனார். கரண்ட் இல்லையே என்று வயரைக் கையில் பிடித்திருக்கிறார். ஸ்டார்ட்டர் பெட்டியில் ஆட்டோ சுவிட்சை அணைக்க மறந்துவிட்டார். கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடிவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பெட்டியருகே நான் போகவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து போட்டுக்கொடுத்தார். அவரும் இப்போது மகள் ஊருக்குப் போகிறார். ஒன்றரை ஏக்கர் மஞ்சள் நிற்கிறது, தண்ணீர் விடாவிட்டால் காய்ந்துவிடும். பெட்டியைத் தொடாமல் போனிலேயே மோட்டார் போடலாம் என்று கேள்விப்பட்டு, புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினேன்.

சென்னிமலையில் காலை 6.40க்குப் பஸ். ஈரோட்டுக்கு 25 ரூபாய். அங்கிருந்து சத்தி 65 கிலோமீட்டர், 55 ரூபாய், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். தனியாக இவ்வளவு தூரம் போனதில்லை. கைப்பையை மடியிலிருந்து எடுக்கவே இல்லை. சத்தியிலிருந்து தோட்டம் ஆறு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 150.

"ரேவதி தோட்டமுங்களா? அந்தப் புள்ள வாழைக்கே மிஸ்டு கால் குடுக்குமுங்க" என்று சிரித்தார் ஆட்டோக்காரர்.

ரேவதிக்கு இருபத்தாறு வயது. கம்ப்யூட்டர் படித்துவிட்டு அப்பாவோடு விவசாயம் பார்க்கிறாள். மண்ணுக்குள் குச்சி மாதிரி ஒரு கருவி நட்டிருக்கிறாள். மண் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று போனில் காட்டுகிறது. அந்த அளவுக்குத்தான் சொட்டுநீர் விடுகிறாள்.

"எங்கப்பா மடை கட்டி உட்ட தண்ணியில பாதிதானுங்க்கா இப்ப ஆகுது" என்று சொல்லிப் போனை என் கையில் கொடுத்தாள். "அமுத்திப் பாருங்க."

மோட்டார் தென்னைகளுக்கு அந்தப் பக்கம், கண்ணுக்குத் தெரியவில்லை. நான் அழுத்தாமல் கேட்டேன்.

"அங்க யாராச்சும் நிக்கறாங்களா கண்ணு?"

"அப்பா பைப்பு மாட்டிட்டு இருக்காருங்க. ஒண்ணும் ஆகாது, அமுத்துங்க."

போனை அவளிடமே திணித்துவிட்டு ஓடினேன். அவர் மோட்டார் மேல் கை வைத்துக் குந்தியிருந்தார். "ஏனுங்க, எந்திரிச்சு வாங்க!" என்று கத்தினேன்.

அவர் சிரித்துக்கொண்டே சட்டை ஜோப்பிலிருந்து மூன்று ஃபியூஸ் கட்டைகளை எடுத்துக் காட்டினார். "மெயினை அணைச்சு இதைப் புடுங்கிப் போட்டுக்கிட்டுத்தான் அம்மணி மோட்டாரத் தொடுவேன். எம்பொண்ணு அமெரிக்காவுல இருந்து அமுத்துனாலும் ஓடாது."

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரிப்பு நின்றுபோனது. கட்டைகளை மாட்டி, ரேவதி நின்ற இடத்துக்கே என்னையும் கூட்டி வந்து, "இப்ப அமுத்துங்க" என்றார். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். தண்ணீர் வந்தது.

போகிறவர்களுக்கு: மோட்டார் ஓட வேண்டிய மும்முனை கரண்ட் எத்தனை மணிக்கு என்று முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வெறும் பெட்டியைத்தான் பார்ப்பீர்கள். மோட்டார் கருவி 6,500 ரூபாய், மாட்டுகூலி தனி. ஈரம் பார்க்கும் குச்சியைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். போனில் அழுத்துவதற்கு முன்னால், மோட்டாரிடம் யாரும் இல்லை என்று தெரிய என்ன வழி வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள்.

எனக்கு வெள்ளிக்கிழமை மாட்டுகிறார்கள். தானாக ஓடவிடும் ஆட்டோ சுவிட்ச் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பயம் அப்படியேதான் இருக்கிறது. பைப் பார்க்க ஆள் வந்தால் நான்தான் பெட்டியைத் திறக்க வேண்டும். கட்டை பிடுங்குவதை ரேவதியின் அப்பா மூன்று தடவை செய்துகாட்டினார். நான்காவது தடவை நானே பிடுங்கினேன்.