ஆலிலைத் தட்டும் நாகூர்ச் சங்கும்

என் கையெழுத்து கோணல். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால்தான் எழுதுகிறேன்.

தஞ்சாவூரில் ஒரு கல்லூரிக்குத் தோட்ட வேலைக்கு வந்து, பிறகு தாவரப் பிரிவில் அட்டெண்டர் ஆனேன். பூதலூரிலிருந்து காலை ரயிலில் வருவேன். காய்ந்த இலைகள் ஒட்டிய அட்டைகளைத் தூசி தட்டி, பூச்சி அரிக்காமல் பார்ப்பது என் வேலை. அடுத்த கட்டடத்தில், விலங்குப் பிரிவில், அதே வேலையைப் பார்த்தவர் ஒரு அக்கா. நாகூர்க்காரர். ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்தன.

எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் எழுத்தின் உருவம் மனதில் நின்றுவிடும். ஆலிலை, அரசிலை, அத்தியிலை மூன்றின் சீட்டிலும் முதல் சொல் ஒன்றுதான். ஐந்து எழுத்து, கடைசி எழுத்து பாம்பு மாதிரி வளைந்திருக்கும். அதைப் பார்த்தால் ஆலிலைத் தட்டில் கொண்டுபோய் வைப்பேன். இருபது வருஷத்தில் ஒருமுறையும் தவறியதில்லை.

போன ஐப்பசி மழையில் விலங்குப் பிரிவின் கூரை ஒழுகியது. ஜாடி, எலும்பு, சங்கு எல்லாவற்றையும் எங்கள் கூடத்துக்குக் கொண்டுவந்தோம். அக்கா தர்கா கந்தூரித் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தார். நனைந்த சீட்டுகளைக் காயவைத்து ஒட்டும் வேலை எனக்கு வந்தது. அப்போது ஒரு சங்கை வைத்திருந்த பலகையில் அதே ஐந்து எழுத்தைப் பார்த்தேன், பாம்பு உட்பட. ஆலிலைச் சீட்டுதான் ஈரத்தில் இங்கே வந்து ஒட்டிக்கொண்டது என்று நினைத்து உரித்தேன். பாதி கிழிந்து வந்தது, மீதி ஈரத்தில் கூழாகிவிட்டது. அதை ஆலிலைத் தட்டில் சேர்த்துவிட்டு, நல்ல காரியம் செய்த நினைப்பில் ரயிலைப் பிடித்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. எங்கள் துறை மேடம் வந்து பார்த்தார்.

"பேர் இல்லாததையெல்லாம் சாக்குல கட்டிடுங்க. திங்கக்கிழமை குப்பை வண்டி வரும்."

கட்டினேன், அந்தச் சங்கையும் சேர்த்து.

திங்கட்கிழமை அக்கா எனக்காக வாடா கொண்டுவந்தார், இறால் வைத்துச் சுடும் நாகூர்ப் பலகாரம். கொடுத்துவிட்டு அலமாரியைத் துடைக்கப் போனவர் திரும்பினார்.

"தம்பி, மெலிசா ஒரு சங்கு இருந்துச்சே, எங்க?"

"தெரியலக்கா" என்று சொல்லிவிட்டேன்.

"எங்க வாப்பா வலையில வந்தது. நான் வேலைக்குச் சேந்தப்ப அவங்களே வந்து குடுத்துட்டுப் போனாங்க. சீட்டுல கீழ் வரி அவங்க பேர். இங்கிலீஷு, எனக்கு எங்க படிக்கத் தெரியும்? தொடைக்கிறப்ப தினம் ஒரு தடவ தொட்டுப்பேன்." சிரிக்கப் பார்த்தார். "வீட்டுல ஒரு போட்டோகூட இல்ல தம்பி."

வாடாவை வாயில் வைக்க முடியவில்லை. அதற்குள் வாசலில் குப்பை வண்டியின் பாட்டு கேட்டது. ஓடினேன். சாக்கைத் தூக்கியவரின் கையிலிருந்து பிடுங்கினேன்.

"யோவ், குப்பைக்கா இந்த அடிதடி?" என்றார் அவர்.

சங்கையும் கிழிந்த சீட்டையும் எடுத்துக்கொண்டு மேடம் அறை வாசலில் போய் நின்றேன். கூப்பிடாமல் அங்கே நின்றது அதுதான் முதல் தடவை. பின்னாலேயே அக்காவும் வந்தார்.

"நான்தான் உரிச்சேன் மேடம். ஆலமரத்துப் பேரு சங்குல தப்பா ஒட்டியிருக்குன்னு நெனச்சேன். அக்காகிட்ட தெரியலன்னு பொய் சொல்லிட்டேன்."

அக்கா கிழிந்த சீட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மேடம் சொன்னார். "நானும் கேக்காம கட்டச் சொன்னேனே. சீட்டு சரியாத்தான் இருந்துச்சுங்க. ரெண்டுக்குமே ஃபைகஸ்னுதான் பேரு. செடிகளோட பேருக்கு ஒரு பதிவு, விலங்குகளுக்கு வேற பதிவு. ஒண்ணுல இருக்கிற பேரு இன்னொண்ணுலயும் இருக்கலாம். பூதலூர்லயும் கீழத்தெரு இருக்கும், நாகூர்லயும் இருக்கும். தபால்காரர் கொழம்புறாரா?" சங்கை என் உள்ளங்கையில் வைத்தார். "எது மாதிரி இருக்கு, சொல்லுங்க?"

கனமே இல்லை. ஒரு முனை உருண்டு, மறுமுனை காம்பு போல ஒடுங்கியிருந்தது.

"அத்திப்பழம் மேடம்."

"ஃபைகஸ்னா அத்திதாங்க."

சீட்டின் கீழ் வரி நடுவில் கிழிந்து, அக்காவின் வாப்பா பேரில் பாதிதான் மிஞ்சியிருந்தது. மேடம் புதுச் சீட்டில் மேல் வரியை எழுதினார். "கீழ நீங்க தமிழ்லயே எழுதுங்க" என்று பேனாவை என்னிடம் நீட்டினார். அக்கா ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். வரி மேலேறிப் போய்விட்டது.

அக்கா சீட்டை வாங்கி, உதடு அசைய எழுத்துக்கூட்டினார். இத்தனை வருஷம் தொட்டு மட்டுமே பார்த்த பெயர். இரண்டு தடவை வாசித்தார்.

"கோழி கெளறின மாதிரி இருக்கு" என்றார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இருந்தாலும் வாப்பாதான். போயி வாடாவச் சாப்பிடுங்க தம்பி, ஆறிப்போச்சு."

அக்கா மார்கழியில் ஓய்வு பெற்றார். விலங்குப் பிரிவின் கூரை இன்னும் சரியாகவில்லை. சங்கு ஆலிலைத் தட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. துடைக்கும்போது கீழ் வரியை ஒருமுறை தொடுகிறேன். அக்கா சொல்லிவிட்டுப் போன வேலை அது.

தை மூன்றாம் நாள், காணும் பொங்கல்.